மின்சார ஸ்கூட்டர் சான்றிதழ்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றி மின்சார ஸ்கூட்டர் கடை போடுகிறவர்கள், பேட்டரி பேக் கட்டுகிறவர்கள், கானாடுகாத்தான் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு மின்சார சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் என்று ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். படித்து முடித்த தம்பிகள் பலர் என் பட்டறைக்கு வந்து யோசனை கேட்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, கைவேலையும் சுத்தம். ஆனால் சோதனை, சான்றிதழ் என்று பேச்சு வந்ததும், இந்தத் தொழிலின் தொடக்க காலத்தில் எல்லாரும் வழுக்கி விழுந்த அதே இடங்களில்தான் கால் வைக்கிறார்கள்.

ஹெல்மெட் போடு, பேட்டரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க வண்டிகள் அடுத்தடுத்து எரிந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரத்தை அரசு இறுக்கியது. அதன் மூன்றாவது திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. கீழே சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தவறான காகிதத்தைக் காட்டுவது

"எல்லாச் சான்றிதழும் இருக்கு அண்ணே" என்று ஃபைலை நீட்டுவார்கள். உள்ளே யுஎன் 38.3 அறிக்கை இருக்கும். அது லித்தியம் பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றலாமா என்று பார்க்கும் சோதனை. அடுத்து ஐஎஸ் 16046 இருக்கும். அது கையில் எடுத்துப் போகும் சாதனங்களின் பேட்டரிக்கு உரியது. ஐஎஸ்ஓ 9001 நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. பேட்டரி எரியுமா எரியாதா என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது. இரண்டு சக்கர மின்சார வண்டியின் பேட்டரிக்கு ஏஐஎஸ் 156 அறிக்கை வேண்டும். பேக்கின் உள்ளே அடுக்கியிருக்கும் சிறு பேட்டரிகளுக்கு, அதாவது செல்லுக்கு, ஐஎஸ் 16893 அறிக்கை வேண்டும். அறிக்கையில் இருக்கும் மாடல் எண்ணும் பேக்கில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்பதை முதலில் பாருங்கள்.

"நம்ம ஊர்லயே சிக்ரி இருக்கே"

இருக்கிறது, அதில் எனக்கும் பெருமைதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம் அது. மின்வேதியியலில் நாட்டுக்கே தலைமை ஆராய்ச்சி நிலையம். ஆனால் வண்டி மாடலைச் சோதித்து டைப் அப்ரூவல் என்ற ஒப்புதல் கொடுப்பது அதன் வேலை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 126 பெயர் சொல்லும் அமைப்புகளிடம்தான் போக வேண்டும்: புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட் போன்ற வாகனச் சோதனை நிலையங்கள். நமக்குக் கிட்ட இருப்பது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் மையம்.

25 கிலோமீட்டர் வண்டிக்குச் சான்றே வேண்டாம் என்பது

வேண்டும். மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் கீழே, உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. ஆனால் அது அப்படிப்பட்ட வண்டிதான் என்று விதி 126 அமைப்பு ஒன்று சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். விற்ற பிறகு கடையில் ஒரு ஒயரை வெட்டி 45 போக வைத்தால் அந்த நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கையில் அதைக் கொடுத்து அனுப்பும் டீலரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சோதனைக்கு ஒரு பேக், விற்பனைக்கு வேறு பேக்

இதைத்தான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லியும் நிற்காத தவறு இது. இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சரக்குக் கொண்டுபோகும் ஸ்கூட்டர்களுக்குப் பேக் கட்டினார். குடும்பத்து நகையை வைத்துப் பணம் புரட்டி முறையாகச் சோதனைக்கு அனுப்பினார். தேறியது. சில மாதம் கழித்துச் செல் கொடுத்து வந்தவர் விலையை ஏற்றினார். இன்னொரு வியாபாரி குறைந்த விலைக்கு, அதுவும் கொள்ளளவு கூடுதலான செல்லைக் கொடுத்தார். தம்பி மாற்றிக்கொண்டார்; செல்களைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகையை மாற்றவில்லை. பிறகுதான் என்னிடம் வந்து கேட்டார்: "அதே 18650 சைஸ்தான் அண்ணே. பிஎம்எஸ் அதே, பெட்டி அதே. சான்றிதழ் செல்லும்ல?"

செல்லாது. சான்றிதழ் உங்கள் கம்பெனிப் பெயருக்குக் கொடுத்த பட்டம் அல்ல. எந்தச் செல், எத்தனை செல் வரிசையாக (சீரிஸ்), எத்தனை பக்கவாட்டில் (பேரலல்), எந்த பிஎம்எஸ், அதில் எந்த மென்பொருள் பதிப்பு, வெப்ப சென்சார் எங்கே இருக்கிறது, பெட்டி எந்தப் பொருள், அழுத்தம் வெளியேறும் துளை எங்கே என்று நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பேக்குக்குத்தான் அது. ஆத்தங்குடியில் கையால் தரைக்கல் வார்க்கிறவரிடம் போய், அச்சும் கண்ணாடியும் அதேதான், மணலை மட்டும் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். என்ன மறுமொழி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சோதனையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காரணமும் விளங்கும். பேக்கை அதிர வைக்கிறார்கள், 60 டிகிரிக்கும் மைனஸ் 40 டிகிரிக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார்கள், கழற்றி எடுக்கும் பேக்கை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பல பக்கமாக விழவிடுகிறார்கள், ஷார்ட் செய்கிறார்கள், நிறைந்த பிறகும் சார்ஜ் ஏற்றுகிறார்கள். கடைசியில் உள்ளே ஒரே ஒரு செல்லை வேண்டுமென்றே கட்டுமீறிச் சூடாக்கி, பக்கத்துச் செல்களுக்கு அந்தச் சூடு பரவி பேக் தீப்பிடிக்கிறதா, வெடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். பேக் அதில் தேறியது என்றால், அந்தச் செல்லிலிருந்து அவ்வளவு வெப்பமும் அவ்வளவு வாயுவும் வந்தபோது, உங்கள் இடைவெளியும் காப்புத் தாளும் தாங்கின என்றுதான் பொருள். 2600 எம்ஏஎச் கொள்ளளவுள்ள செல்லை எடுத்துவிட்டு அதே அளவில் 3500 வைத்தால் உள்ளே இருக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். இடைவெளி அதே மில்லிமீட்டர்தான். இனி அது தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை. செல்லின் வேதியியல், வாயு வெளியேறும் முனை, எந்த வெப்பத்தில் கட்டுமீறும் என்பது எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியே பார்க்கச் சைஸ் ஒன்று, அவ்வளவுதான் ஒற்றுமை.

தம்பிக்கு மதுரையிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. வாங்குகிறவர்களின் இன்ஜினியர் ஒரு பேக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னார். செல்லின் மேல் அச்சடித்திருந்த எண்ணை அறிக்கையோடு வைத்துப் பார்த்தார். அந்த ஆர்டர் அன்றைக்கே போயிற்று. விற்ற பேக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, மறுபடி சேம்பிள் கட்டி, மறுபடி கட்டணம் கட்டி வரிசையில் காத்திருந்தார். நகை இன்னும் மீளவில்லை. இத்தனைக்கும் யார் வீட்டிலும் எதுவும் எரியாமல் போனது நல்ல காலம்.

செல் மாற வேண்டிய நிலை எல்லாருக்கும் வரும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மாற்றும் முன் சோதித்த அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள். எந்த மாற்றத்துக்கு முழுச் சோதனை, எதற்கு ஒன்றிரண்டு சோதனை போதும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, முதல் தடவையே இரண்டு செல்களைத் தேர்ந்து இரண்டுக்கும் சேர்த்துச் சான்று வாங்கிவிடுவது. செலவு கூடும்தான்; செல் வியாபாரி விலையை ஏற்றும் நாளில் நீங்கள் பதற வேண்டியிருக்காது. தேறிய பேக்கைப் போலவே ஒன்றைக் கட்டி முத்திரை வைத்துப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டிக்கு எந்த லாட் செல் போனது என்று நோட்டுப் போடுங்கள். பிஎம்எஸ்ஸில் சார்ஜ் நிறுத்தும் அளவை மாற்றுவதும் மாற்றம்தான். அதையும் எழுதிக் கேளுங்கள்.

"60 வோல்ட் சார்ஜர்" என்று மட்டும் கேட்டு வாங்குவது

60 வோல்ட் என்பது அழைக்கும் பெயர். பேக் நிறையும் அளவு வேறு. என்எம்சி, எல்எஃப்பி என்பவை லித்தியம் செல்லின் இரண்டு வேதியியல் வகைகள். 16 சீரிஸ் என்எம்சி 67.2 வோல்ட்டில் நிறையும். 17 சீரிஸ் 71.4, 20 சீரிஸ் எல்எஃப்பி 73. மூன்றிலும் ஒரே ஸ்டிக்கர், பல நேரம் ஒரே கனெக்டர். 73 வோல்ட் சார்ஜரை 16 சீரிஸ் பேக்கில் செருகினால் செல் ஒன்றுக்கு 4.56 வோல்ட் வரை தள்ளப் பார்க்கும். அதன் எல்லை 4.2. நடுவில் நிற்பது பிஎம்எஸ் மட்டும்தான், அதுவும் ஒருநாள் பழுதாகும். 48 வோல்ட் வண்டிகளில் 14 சீரிஸ் என்எம்சிக்கு 58.8, 16 சீரிஸ் எல்எஃப்பிக்கு 58.4 என்று வித்தியாசம் சிறியது; மாற்றிப் போட்டும் ஓடும். அந்தப் பழக்கத்தில்தான் 60க்கும் அதையே செய்கிறார்கள். வாடகை சைக்கிள் வைத்திருப்பவர்கள் நிறையும் வோல்ட்டைப் பேக்கிலும் சார்ஜரிலும் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஐபிஎக்ஸ்7 என்று மழைத்தண்ணீரில் ஓட்டுவது

ஐபிஎக்ஸ்7 என்பது தண்ணீர் புகாது என்பதற்கான சோதனை: ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம், புதுப் பேக். நான்கு வருஷம் ஆன ரப்பர் பீடிங்குக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சான்றுள்ள பேக்கைத் திறந்து ஒரு செல்லை மட்டும் மாற்றுவது

கூடாது.

சான்று இருக்கிறதென்று முகப்பிலேயே சார்ஜ் போடச் சொல்வது

டீலர்களுக்கு இது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மேல் பின்னாளில் இழுத்த ஒயரிங்தான் பல இடத்தில் இன்னும் இருக்கிறது. பிளக்கில் மூன்று துளை இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. வண்டி டெலிவரி கொடுக்கப் போகும்போது ஒரு டெஸ்ட் லேம்ப்பை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. மேலே சொன்ன ஏஐஎஸ் 156 திருத்தத்தின்படி பேக் கட்டுமீறிச் சூடாகத் தொடங்கினால் வண்டி ஒலி எழுப்பி, விளக்குக் காட்டி எச்சரிக்க வேண்டும். ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் அது. ஆனால் இந்தத் தெருவில் வாசலும் அந்தத் தெருவில் பின்வாசலும் உள்ள வீட்டில், முகப்பில் வண்டி நிற்க, உள்ளே தள்ளி மூன்றாம் கட்டுப் பகுதியில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் படுத்திருந்தால் அந்தச் சத்தம் யார் காதில் விழும்? பகலில், ஆள் விழித்திருக்கும்போது, நிழலுள்ள திறந்த இடத்தில், மரக்கதவுக்கும் தூணுக்கும் தள்ளிச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். வெயிலில் ஓட்டி வந்த வண்டி என்றால் பேக் ஆறிய பிறகு. வெளியேறும் வழியில் வண்டி குறுக்கே நிற்கக் கூடாது என்பதையும் சாவி கொடுக்கும்போதே, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை உட்கார வைத்து, நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.