செயற்கைக்கோள் தரவைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரவு தொடக்கத்திலிருந்தே இலவசம்தான். ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் போதும், 1972 முதல் இன்றுவரை பூமி எப்படி மாறியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு இதற்கு முன் எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. அதனால்தான், புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் நாங்கள் விழுந்து எழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

மேகம் மூடிய படத்தை எடுக்காதே, மழைக்காலப் படத்தையும் கோடைக்காலப் படத்தையும் ஒப்பிடாதே என்பதெல்லாம் எல்லாப் பாடத்திலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். பாடத்தில் இல்லாதவை, இருந்தாலும் யாரும் நின்று படிக்காதவை மட்டும் இங்கே.

## எண் மாறியதை நிலம் மாறியதாக நினைப்பது

இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கிற தவறு இதுதான். நாம் பார்க்கும் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது ஓர் எண். அதை ஒரு சூத்திரத்தில் போட்டால்தான் தரை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பியது என்கிற பிரதிபலிப்பு அளவு கிடைக்கும். சென்டினல்-2க்குப் பல வருடங்களாக அந்தச் சூத்திரம் மிக எளிது. எண்ணை 10,000ஆல் வகுத்துவிட்டால் போதும். 3,000 என்றால் 0.3. எல்லோருக்கும் மனப்பாடம்.

2022 ஜனவரி 25 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை செயலாக்கப் பதிப்பை 04.00க்கு மாற்றியது. அன்று முதல் எல்லா எண்களோடும் 1,000 கூட்டி வெளியிடுகிறார்கள். காரணம் நியாயமானது. ஆழமான நீர், அடர் நிழல் போன்ற இருண்ட பரப்புகளில் கணக்கு சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பழைய முறையில் அந்த அளவுகள் பூஜ்யத்திலேயே வெட்டுப்பட்டன. 1,000 கூட்டிக் கொடுத்தால் அவை தப்பிக்கும். பயன்படுத்துபவர் முதலில் 1,000ஐக் கழிக்க வேண்டும், அப்புறம் 10,000ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? பச்சையத்தை அளக்கப் பயன்படும் என்டிவிஐ கணக்கையே எடுத்துக்கொள்வோம். அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நல்ல காட்டுப் பிக்சலில் சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 3,000 என்று வையுங்கள். வித்தியாசம் 2,500, கூட்டுத்தொகை 3,500, விடை 0.71. இப்போது இரண்டிலும் கழிக்கப்படாத 1,000 ஒட்டிக்கொண்டிருக்கட்டும். எண்கள் 1,500, 4,000. வித்தியாசம் அதே 2,500தான். கூட்டுத்தொகை மட்டும் 5,500 ஆகிவிட்டது. விடை 0.45. காட்டில் ஒரு மரம்கூட விழவில்லை, கணக்கில் காடு புதராகிவிட்டது.

நீருக்கும் இதே கதிதான். பச்சைப் பட்டை, அதாவது பச்சை ஒளியை மட்டும் பதியும் அடுக்கு, 400, அண்மை அகச்சிவப்பு 200 இருக்கும் ஏரியில், இந்த இரண்டையும் வைத்து அதே முறையில் கணக்கிடும் நீர்க்குறியீடு 0.33 வர வேண்டும். கழிக்காவிட்டால் 0.08 வரும். 0.2க்கு மேல் இருந்தால் நீர் என்று வரம்பு வைத்திருந்தால், வரைபடத்தில் அந்த ஏரியே இருக்காது.

ஓர் ஆய்வுக்குழு இதில் மாட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2017 முதல் ஒரு காட்டின் பச்சையத்தைத் தொடர்ந்து அளந்துவந்தார்கள். 2022 தொடக்கத்தில் கோடு இறங்கியது. உடனே காரணம் தேடினார்கள். வறட்சியா, பூச்சியா, மரக்கடத்தலா? தேடினால் எதற்கும் ஓரளவு பொருந்துகிற செய்தி ஒன்று கிடைத்துவிடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. களத்துக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து, காடு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதன்பிறகும் அறிக்கையில் எழுதப்பட்டது என்ன தெரியுமா? பாதிப்பு மேல் விதானத்தில் இருக்கிறது, கீழிருந்து பார்த்தால் தெரியாது என்று! அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. காட்டுக்குள் நடந்து போய்ப் பார்த்தவர்களின் கண்ணை ஒதுக்கிவிட்டு, சரிபார்க்காத ஒரு கோட்டை நம்பினார்கள்.

அந்த வரைபடம் என் கைக்கு வந்தபோது முதலில் உறுத்தியது கோட்டின் வடிவம். சரிவாக இல்லை, படிக்கட்டாக இருந்தது. ஒரே வாரத்தில் இறங்கி, அப்புறம் பருவத்துக்குப் பருவம் வழக்கம்போல ஏறி இறங்கி ஓடுகிறது, மொத்தமும் ஒரு படி கீழே. வறட்சி அப்படி இறங்காது. பூச்சியும் அப்படித் தின்னாது. படத்தின் ஓரத்தில் ஒரு கல்குவாரி இருந்தது. அதன் வெற்றுப் பாறையில் சிவப்புப் பட்டையின் எண்ணை மட்டும் தேதிவாரியாக எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதே வாரத்தில் பாறையும் ஏறத்தாழ 1,000 ஏறியிருந்தது. நீலப் பட்டையில் பார்த்தார்கள், அங்கும் 1,000. வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. களப்பணிக்குப் போன பணமும், அறிக்கைக்குப் போன மாதங்களும் திரும்பவில்லை.

இதில் மறைபொருள் எதுவுமில்லை என்பதுதான் கோபத்தைக் கூட்டுகிறது. கோப்பின் பெயரிலேயே என்0400 என்று பதிப்பு எண் இருக்கிறது. கூடவே வரும், படத்தைப் பற்றிய விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டா கோப்பில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பட்டைவாரியாக எழுதியிருக்கிறது. ஆனால் படத்தை இறக்கும்போதே பட்டைகளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுகிறார்கள்.

விஷயம் தெரிந்தவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். 2022 ஜனவரி 25க்குப் பிறகு என்றால் 1,000 கழி, முன்பு என்றால் விட்டுவிடு என்று தேதியை வைத்து நிரல் எழுதுகிறார்கள். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. 2018இல் எடுத்த படம் உங்களிடம் கூட்டலோடும் இருக்கலாம், கூட்டல் இல்லாமலும் இருக்கலாம். தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பதிப்பைப் பாருங்கள். இன்னொரு பக்கம், படங்களை இணையத்திலேயே கையாள உதவும் கூகுள் எர்த் என்ஜினில் இந்த 1,000ஐ ஏற்கெனவே கழித்துச் சீராக்கிய தொகுப்பு ஒன்று தனியாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தாங்களும் ஒருமுறை கழிப்பவர்கள் உண்டு. நல்லவேளையாக, காட்டில் இப்படி இரண்டு தடவை கழித்தால் என்டிவிஐ 1ஐத் தாண்டிவிடும், பிழை தானாகவே வெளியே தெரியும். பிரதிபலிப்பு அதிகமுள்ள வெளிறிய நிலத்தில் அதுவும் தெரியாது.

லேண்ட்சாட்டிலும் இதே கதை உண்டு. தொகுப்பு 1இல் தரைப் பிரதிபலிப்புக்கு எண்ணை 0.0001ஆல் பெருக்க வேண்டும். தொகுப்பு 2இல் 0.0000275ஆல் பெருக்கி, 0.2 கழிக்க வேண்டும். பழைய நிரலைப் புதிய தொகுப்பின் மேல் ஓட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது. அழகான, முழுக்கத் தவறான வரைபடம் ஒன்று வரும்.

தப்பிக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. ஆய்வைத் தொடங்கும் முன், உங்கள் படத்துக்குள் மாறவே வாய்ப்பில்லாத இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பாறை, மணல்மேடு, விமான ஓடுதளம், பெரிய கான்கிரீட் கூரை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தேதிக்கும் அங்கே என்ன எண் வருகிறது என்று தனிக்கோடு வரையுங்கள். செயற்கைக்கோள்களை இயக்குபவர்களே இதைத்தான் செய்கிறார்கள். சகாரா பாலைவனத்தில் லிபியா-4 என்று ஒரு மணல்வெளி இருக்கிறது. கருவிகளின் அளவீடு நழுவுகிறதா என்று பல நாட்டுச் செயற்கைக்கோள்கள் அந்த மணலைப் பார்த்துத்தான் சோதித்துக்கொள்கின்றன. மாறாத இடம் மாறியதாகக் காட்டினால், மாறிய இடங்களைப் பற்றி எதுவும் சொல்ல உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

## பட்டை எண்ணை மனப்பாடமாக எழுதுவது

லேண்ட்சாட் 7இல் சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4. லேண்ட்சாட் 8இல் அவை 4, 5. சென்டினல்-2இல் 4, 8. பழைய சூத்திரத்தை அப்படியே ஒட்டினால், லேண்ட்சாட் 8இல் நீங்கள் கணக்கிடுவது சிவப்பையும் பச்சையையும் வைத்துத்தான்.

## மலை நிழலை நீர் என்று குறிப்பது

சரிவு வரைபடத்தை மேலே போட்டுப் பாருங்கள், சரிவில் ஏரி நிற்காது.

## தரைச் சூட்டைக் காற்றின் வெப்பநிலை என்று எழுதுவது

வெப்ப அலை வரும்போதெல்லாம் சிவப்பு வரைபடங்கள் பரவுகின்றன. செயற்கைக்கோள் அங்கே அளப்பது தரையின் மேல்தோல் சூட்டை. வானிலைச் செய்தியில் வருவது ஏறத்தாழ ஆள் உயரத்தில் நிழலில் அளந்த காற்றின் சூடு. இரண்டும் ஒன்றல்ல. 2005இல் ஈரானின் லூட் பாலைவனத்தில் செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ் கருவி 70.7 டிகிரி செல்சியஸ் பதிவு செய்தது. காற்றின் வெப்பநிலையில் அதிகாரபூர்வ உலகச் சாதனையோ 1913இல் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரிதான். தரை எண்ணைத் தூக்கித் தலைப்பில் போட்டால் வாசகர் பயப்படுவார், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது நம்பமாட்டார்.

நேரத்தையும் கவனியுங்கள். லேண்ட்சாட் ஓர் இடத்தைக் கடப்பது முற்பகல் பத்து மணிவாக்கில். அன்றைய உச்சச் சூடு அதில் இருக்காது.

## தீப்புள்ளிகளை எண்ணித் தீயை அளப்பது

செயற்கைக்கோளில் இருக்கும் விர்ஸ் கருவியின் தீ வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால், 375 மீட்டர் பிக்சலுக்குள் எங்கோ வழக்கத்துக்கு மீறிய சூடு இருந்தது என்று மட்டுமே பொருள். புள்ளி வைக்கப்படுவது பிக்சலின் நடுவில். ஒரு பெருந்தீ நூறு புள்ளிகளாகத் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் எரியும் பத்துச் சிறு தீ ஒரே புள்ளியாகத் தெரியும். கருவி கடந்துபோவதோ பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவில் அதே நேரத்தை ஒட்டியும். வயல் கழிவை எரிக்கும் நேரம் மாலைக்குத் தள்ளிப்போனாலே எண்ணிக்கை குறைந்துவிடும், புகை குறையாது. எரிந்த பரப்பு வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் தரவை எடுங்கள்.

## இரவு விளக்கு மங்கினால் ஊர் தேய்ந்துவிட்டது என்பது

அதே விர்ஸின் இரவுப் பட்டை 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியைப் பார்ப்பதில்லை. வெள்ளை எல்இடி விளக்குகளில் நீலம் அதிகம். மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்ட நகரம், தெருவில் நிற்பவருக்கு முன்பைவிட வெளிச்சமாகவும் வரைபடத்தில் மங்கலாகவும் இருக்கலாம். பொருளாதார வளர்ச்சியை இரவு விளக்கால் அளப்பவர்கள், அந்த வருடங்களில் விளக்கு மாற்றம் நடந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

## கிரேஸ் வரைபடத்தில் ஒரு கிணற்றைத் தேடுவது

கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தை மதிப்பிட உதவுபவை. சில நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் அந்த வரைபடத்தில் தேடாதீர்கள்.

## தொலைநோக்கி மாறியதை வானம் மாறியதாக நினைப்பது

கழுகு நெபுலாவில் இருக்கும் 'படைப்பின் தூண்களை' ஹபிள் 1995இல் படமெடுத்தது, ஜேம்ஸ் வெப் 2022இல் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தூண்கள் கரைந்து மெலிந்துவிட்டன என்று எழுதுகிறார்கள். ஹபிளின் அந்தப் படம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது. வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பில். அந்த ஒளி தூசியை ஊடுருவி வருவதால் தூண்கள் மெல்லியதாகத் தெரிகின்றன, பின்னாலிருக்கும் விண்மீன்களும் தெரிகின்றன. மேலே காட்டுக்கும் கல்குவாரிக்கும் சொன்னதேதான் இங்கேயும்: முதலில் கருவியை விசாரியுங்கள்.

நிறத்தையும் சேர்த்தே சொல்கிறேன். வெப் படங்களில் பொதுவாக நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பும் குறுகியதற்கு நீலமும் கொடுப்பார்கள். ஒழுங்கு சரியானது, ஆனால் அங்கே போய் நின்றால் கண்ணுக்கு அந்த நிறம் தெரியாது. பிளாங்க் செயற்கைக்கோள் வரைந்த, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் வரைபடத்திலும் இப்படித்தான். ஆரஞ்சும் நீலமுமாக அவ்வளவு திட்டுகள் தெரிகின்றனவே, அவற்றுக்கு இடையிலான வித்தியாசம், அந்தக் கதிர்வீச்சின் வெப்பநிலையான 2.725 கெல்வினில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். நிற அளவுகோலைப் பார்க்காமல் அந்தப் படத்தை விளக்கக் கூடாது.

## ஓவியத்தைப் புகைப்படமாகப் பகிர்வது

டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் 7 கோள்கள் பற்றிய அறிவிப்பு 2017இல் வந்தது. கடலும் மேகமுமாகச் சுற்றிவந்த படங்கள் அனைத்தும் ஓவியங்கள். சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலிருந்து கிடைத்தது, கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மங்கி மீண்டதைக் காட்டும் ஒரு கோடு. அந்தச் சிறு பள்ளத்தின் ஆழத்திலிருந்து கோளின் அளவையும், பள்ளங்களுக்கு இடையிலான நேரத்திலிருந்து அதன் ஆண்டையும் கணக்கிட்டார்கள். ஓவியத்தைவிட அந்தக் கோடு எனக்குப் பல மடங்கு அழகு. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், ஓவியத்தின் அடியில் ஓவியம் என்று எழுதுங்கள்.