கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸ் தொல்லை தந்தால்

கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, கண்ணுக்குள் வைத்த லென்ஸின் வகை, பவர், வரிசை எண் ஆகியவை அச்சிட்ட சிறு அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் அப்பத்தாவுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து லென்ஸ் சரிந்தபோது, காரைக்குடி வீட்டு இரும்புப் பெட்டியில் வீட்டு வரி ரசீதுகளுக்கு நடுவே கிடந்த அந்த அட்டைதான் மதுரை மருத்துவருக்கு முதலில் தேவைப்பட்டது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. அறுவைக்குப் பிந்தைய நாட்களில் வலி கூடி, கண் சிவந்து, பார்வையும் குறைந்தால் அது உட்கண் தொற்றாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதமே பார்வையைப் பறித்துவிடக்கூடும் என்பதால் இரவானாலும் புறப்பட வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். எப்போதாவது மின்னல் போன்ற ஒளியோ, திரை இறங்குவது போன்ற நிழலோ தோன்றினால் விழித்திரை விலகியிருக்கலாம். அதற்கும் அன்றே போக வேண்டும்.

லென்ஸ் நகர்வது பெரும்பாலும் ஓசையின்றி நடக்கும். இரு கண்ணாலும் பார்க்கும்போது நல்ல கண் குறையை மறைத்துவிடுவதால், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் வளவுத் தூணின் விளிம்பைப் பாருங்கள். அறுவை செய்த கண் மட்டும் திறந்திருக்கும்போதும் தூண் இரண்டாகத் தெரிந்தாலோ, லென்ஸின் விளிம்பு வில் போல வளைந்து குறுக்கே தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் நேர்க்கோடுகள் நெளிந்து தெரிந்தால், கோளாறு லென்ஸில் அன்றி விழித்திரையின் நடுப்பகுதி வீக்கத்தில் இருக்கக்கூடும். அப்பத்தா தூணைப் பார்த்து, "ரெண்டு தூணு நிக்குதுடா" என்ற அன்றுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது.

பார்வை மெல்ல மங்கினால் பெரும்பாலும் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்புறத்தில் படலம் படிந்திருக்கும். அதை யாக் (YAG) எனும் லேசர் சிகிச்சை சில நிமிடங்களில் சரிசெய்துவிடும். அரிதாக லென்ஸே சுண்ணாம்புப் படிவால் வெளுத்துப்போகும். அப்போது லேசர் பயன்படாது என்பதோடு, லேசரால் பையின் பின்புறத்தைத் திறந்துவிட்டால் பின்னர் லென்ஸை மாற்றும் அறுவையும் கடினமாகிவிடும். ஆகவே லேசருக்கு ஒப்புக்கொள்ளும் முன், "மங்கியிருப்பது பையா, லென்ஸா?" என்று தயங்காமல் கேளுங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கண் அடிக்கடி சிவந்து, வலித்து, பார்வை மங்கித் தெளிந்தால் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையில் (ஐரிஸ்) லென்ஸ் உரசக்கூடும். கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

சற்றே நகர்ந்து தொல்லை தராத லென்ஸைக் கண்காணித்தால் போதும். தொல்லை தந்தால் அதை இடத்தில் நிறுத்துவதோ, வெண்விழியில் தைத்துப் பொருத்துவதோ, மாற்றுவதோ உண்டு. பின்புறம் விழுந்துவிட்டால் விழித்திரை மருத்துவர் எடுப்பார். அதுவரை கண்ணைக் கசக்க வேண்டாம். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அட்டையையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.