வணிகச் சட்டத்தில் காலூன்ற விரும்பும் வடசென்னைப் பெண்ணுக்கு

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ வளர்ந்து, குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்து முடித்த பெண்ணிடம், நுங்கம்பாக்கத்துப் பெரிய நிறுவனங்களின் பேச்சையும் நடையுடையையும் பழகிக்கொள் என்று சொல்லாதவர் குறைவு. உயர் நீதிமன்றத்தில் வாதமும் மனுவும் ஆங்கிலத்தில் நடப்பதால் அந்த மொழியில் பிழையின்றி எழுதவும் பேசவும் தெரிந்தே ஆக வேண்டும். அந்த அளவுக்கு அறிவுரை சரி. மற்றபடி, வேறொருவரைப் போல நடிப்பதற்குச் செலவிடும் உழைப்பை, எம்.சி. ரோட்டுத் துணிக்கடையும் சவுகார்பேட்டை மொத்த வியாபாரமும் காசிமேட்டு மீன் ஏற்றுமதியும் துறைமுகச் சரக்கும் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருப்பதை முழுமையாக்குவதில் செலவிடுவதே மேல்.

வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்துவிட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னையில் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றும் கூறியது. எல்லாச் சேம்பரிலும், அதாவது சீனியர் வழக்கறிஞரின் அலுவலகத்திலும், அது கிடைத்துவிடும் என்று நம்பிவிடாமல், சேரும் முன்பே தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு அமர்வில் சில நாட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, யாருடைய சேம்பரிலிருந்து வரும் பெண் ஜூனியர்கள் எழுந்து நின்று பேசுகிறார்கள், யாருடைய ஜூனியர்கள் கேஸ் கட்டைச் சுமந்து நிற்பதோடு சரி என்று கவனியுங்கள். தம்பு செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் விசாரித்தால் கிடைக்கும் தகவலைவிட இது நம்பகமானது.

சேர்ந்த பிறகு முதலில் கற்க வேண்டியது வாதத்திறமை அன்று, கணக்கு வாசிப்பு. லெட்ஜர், டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில், பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகிய நான்கையும் அருகருகே வைத்து, எந்தச் சரக்குக்கு எந்தப் பணம் வந்தது என்று பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்கு வணிக வழக்கில் பாதி வேலை முடிந்துவிடும். நிலுவை கடைசியாக எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட தேதியைக் கண்டுபிடியுங்கள். வழக்குத் தொடர உள்ள மூன்றாண்டுக் காலவரம்பு முடிவதற்குள் கையொப்பத்துடன் தரப்பட்ட ஒப்புதல், அந்த மூன்றாண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவைக்கும். கட்சிக்காரர் கூட்டு நிறுவனம் நடத்துபவர் என்றால், அது பதிவு செய்யப்பட்டதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடர முடியாது. நம் பகுதியில் அண்ணன் தம்பிகள் வாய்ச்சொல்லை நம்பி நடத்தும் கடைகள் பல இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி பயன்படும்.

ஆர்டர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் போகின்றன. அந்தச் செய்திகளை அச்செடுத்து இணைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரி இத்தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தாலும், அந்தப் பதிவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே, இந்த வட்டிக்கு அல்ல என்று 2021-இல் ஒன்றிய அரசு வரையறுத்துவிட்டது. மணலியில் உதிரிபாகம் செய்பவருக்குச் சொல்லும் ஆலோசனையை மின்ட் தெரு மொத்த வியாபாரிக்கு அப்படியே சொல்லிவிடக் கூடாது.

2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் தொகை வரம்பு 2018-இல் ஒரு கோடியிலிருந்து மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டதால், நடுத்தரக் கடைக்காரரின் வழக்கும் இதன்கீழ் வருகிறது. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில், 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்துவிட்டது. எதிர்வாதி தரப்பில் இருந்தால், சம்மன் கிடைத்த 120 நாட்களுக்குப் பின் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சமரச அறையில் தமிழில், வியாபாரிக்குப் புரியும் கணக்கில் பேசக்கூடியவருக்குத் தனி மதிப்பு உண்டு. வழக்குகள் நம்மைத் தேடி வருவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

‘உனக்குக் குடும்ப நீதிமன்றம்தான்மா சரி’ என்று அன்போடு சொல்பவர்கள் இருப்பார்கள். குடும்ப வழக்கு கௌரவமான வேலைதான். ஆனால் அதை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறர் பங்கிட்டுத் தரக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்தான், புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு இந்தியாவில் முதன்முதலாக வழங்கப்பட்ட கட்டாய உரிமத்தை 2013-இல் உறுதி செய்தது. வணிகச் சட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

‘சீனியர் சார் எப்போ வருவாரு?’ என்று கட்சிக்காரர் கேட்டால் கோபப்படுவதில் பயனில்லை. அவருடைய கணக்கில் எந்தப் பில்லுக்குக் கையொப்பம் இல்லை என்று எடுத்துக் காட்டுங்கள். அடுத்த முறை உங்களுக்கே போன் வரும். இரவில் தங்கும் விடுதியிலோ வீட்டிலோ கலந்தாலோசனை வைக்க அழைத்தால், அலுவலகத்தில் பகலில் வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லிவிடலாம். வரம்பு மீறல் நடந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதால், தேதியும் செய்திகளும் அழியாமல் இருக்கட்டும்.

நிறுவன வேலையில் இருப்பவருக்கு 26 வார மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. சேம்பர் ஜூனியருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே தனிப்பட்ட முறையில் வரும், பணமின்றித் திரும்பிய காசோலை வழக்குகளின் வருமானத்தைச் செலவழித்துவிடாமல் ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கிவையுங்கள். அந்த வழக்குகள் சோறு போடும், ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் சரக்கு, காப்பீடு, நடுவர் மன்றம் போன்ற ஆழமான வேலை கைக்கு வராது. இடைவெளி நேரும் காலத்தில் ஒப்பந்தம் வரைவது, நோட்டீஸ் எழுதுவது போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே தொடரலாம்.

கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமித்துக் கையெழுத்திடும் வக்காலத்தில் உங்கள் பெயர் இடம்பெறுவதை முதல் ஆண்டிலிருந்தே கேட்டு வாங்குங்கள். கட்டணத்தை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்; ‘பார்த்துக் கொடுங்கள்’ என்ற வார்த்தை வேண்டாம், ஏனெனில் கடைக்காரர் அதைத் தள்ளுபடி என்றே எடுத்துக்கொள்வார்.