தண்ணீர் கொதிக்கும், கிழங்கு வேகும்: 'ஃபெர்வெர்' வினையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருளைக்கிழங்கைக் கொதிக்க வைத்தேன் என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் கொதிக்கும், கிழங்கு வேகும். ஆங்கிலமோ இரண்டுக்கும் 'பாயில்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. போர்ச்சுகீசியத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்கும் நம்மவர்கள், தாய்மொழியில் ஒருநாளும் செய்யாத தவறை அங்கே போய்ச் செய்கிறார்கள்.

போர்ச்சுகீசியத்திலும், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசியத்திலும் கொதிப்பதற்கு 'ஃபெர்வெர்'. தண்ணீருக்கும் பாலுக்கும் அதுதான். வேகவைப்பதற்குப் போர்ச்சுகீசியத்தில் 'கொஸேர்', கலீசியத்தில் 'கோத்தெர்'. அவித்த முட்டை என்றால் 'ஓவு கொஸீது'. (பிரேசிலில் சமையல் பேச்சில் 'கொஸின்யார்' அதிகம் காதில் விழும்.) எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. கொஸேரை 'இசட்' போட்டு எழுதினால் வேகவைப்பது, 'எஸ்' போட்டால் துணி தைப்பது. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் விழும் பள்ளம் வேறு. லத்தீன் 'ஃபெர்வெரே' ஸ்பானிஷில் 'எர்பிர்' ஆனது. முதலில் இருந்த 'எஃப்' ஒலி 'எச்' ஆகி, பிறகு வாயிலிருந்தே மறைந்துவிட்டது. எழுத்தில் மட்டும் நிற்கிறது. மாவு கலீசியத்தில் 'ஃபரிஞா', ஸ்பானிஷில் 'அரினா' என்பதும் இதே கதைதான். ஸ்பானிஷில் 'கொதிக்கிறது' என்பது 'இயெர்பே'. அந்த 'இயெ'யைக் கலீசியத்துக்குள் கொண்டுவந்து 'ஃபியெர்வே' என்பார்கள். சரியானது வெறும் 'ஃபெர்வே'. 'ஃபெர்விர்' என்று முடிப்பதும் ஸ்பானிஷ் வாடைதான்.

ஸ்பானியர்களுக்கே இந்த வினையில் தகராறு உண்டு. அவர்கள் வாயில் 'வி'யும் 'பி'யும் ஒரே ஒலி. 'பிர்' என்று முடியும் வினைகளைப் 'பி' போட்டு எழுத வேண்டும். கொதி, பரிமாறு, வாழ் என்ற பொருளுள்ள மூன்றும் அவற்றிலிருந்து பிறந்தவையும் மட்டும் விலக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு 'ஃபெர்வென்ஸா'. கலீசிய வரைபடத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் வெந்நீர் ஊற்று என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது அருவி. விழுந்து நுரைத்துப் பொங்கும் தண்ணீர் கொதிப்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். எஸாரோ அருவி அட்லாண்டிக் கடலோரத்திலேயே கொட்டுகிறது, ஜில்லென்று. வெந்நீர்தான் வேண்டுமென்றால் ஒரென்சே நகரத்து 'புர்காஸ்' ஊற்றுகளுக்குப் போக வேண்டும்.

இத்தாலியமும் பிரெஞ்சும் வேறு வேரிலிருந்து, அதாவது குமிழி என்ற பொருளுள்ள 'புல்லா'விலிருந்து வந்த வினையைப் பிடித்துக்கொண்டன. இத்தாலியத்தில் தண்ணீர் 'பொல்லே'. 'பொல்லீஷே' என்று நீட்டக் கூடாது. அங்கே 'ஃபெர்வெரே' ஏற்பாடுகள் மும்முரமாக நடப்பதைச் சொல்லத்தான், அடுப்புக்கு அல்ல. பிரெஞ்சில் தண்ணீர் தானாகக் கொதித்தால் 'பூ', நீங்கள் வைத்தால் முன்னால் 'ஃபேர்' சேர்ப்பது வழக்கம். நம் 'கொதிக்க வை' போலவேதான், அதனால் தமிழருக்கு இது சுலபம்.

ருமேனியத்தில்தான் நம் கணக்கு செல்லாது. லத்தீன் வேரை விடாமல் 'ஃபியெர்பே' என்று வைத்துக்கொண்டு, தண்ணீரோடு முட்டையையும் கிழங்கையும் சேர்த்தே அவர்கள் கொதிக்க விடுகிறார்கள்.