நீரிழிவில் இயற்கை மருத்துவத்தைக் கையாளும் முறை

இயற்கை மருத்துவம் நீரிழிவு மருந்துகளுக்கு மாற்று அன்று. உணவு, உடலுழைப்பு, உறக்கம் ஆகியவற்றைச் சீர்செய்து சிகிச்சைக்கு வலுச்சேர்க்கும் துணை என்ற தெளிவோடு இதைத் தொடங்க வேண்டும். உடலில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும் முதல் வகை நீரிழிவு (டைப் 1) உள்ளவர்கள் எக்காரணம் கொண்டும் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

முதலில், கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொண்டு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உங்கள் மருத்துவர், இயற்கை மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள்.

எளிதில் தொடங்கக்கூடியது நடை. உணவுக்குப் பின் 10 அல்லது 15 நிமிடம் நடந்தால், உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை ஈர்த்துக்கொள்வதால் சர்க்கரையின் ஏற்றம் தணியும். தட்டில் பாதியை மாவுச்சத்துக் குறைந்த காய்கறிகளுக்கு ஒதுக்குங்கள். பழச்சாறு வேண்டாம், முழுப் பழம் அளவோடு போதும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது உண்ணாநோன்பில்தான், இதை வற்புறுத்தியே சொல்கிறேன். இன்சுலினோ, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவர் அளவை மாற்றித் தராத நிலையில் நோன்பிருந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நடுக்கமும் வியர்வையும் தோன்றி, ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றிருந்தால், உடனே நோன்பை முறித்து 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

வெந்நீர்க் கால் குளியல் இதமானதே. ஆனால் நரம்புப் பாதிப்பால் உணர்வு குன்றிய பாதங்கள் சூட்டை அறியாமல் வெந்து புண்ணாகிவிடும் என்பதால், அத்தகையவர்கள் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.