பட்டா மாற்ற லஞ்சம் கேட்டவர் மாட்டியது எப்படி

குடியாத்தம் பக்கம் அப்பா பேரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற மனு போட்டேன், ஃபைலைப் பார்க்கும் ஊழியர் பணம் கேட்டார். கொடுத்துவிட்டு அப்புறம் புகார் செய் என்றார்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புப் பிரிவிலோ சொல்லியாக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் நமக்குச் சிக்கல் இல்லை. நேராக வேலூர் லஞ்ச ஒழிப்புப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன்.

என் நோட்டுகளின் நம்பரைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பவுடர் (தொட்டவர் கையில் ஒட்டிக்கொண்டு, சோதனையில் நிறம் காட்டிக் கொடுக்கும்) தடவித் தந்தார்கள். சாட்சிக்கு வேறு துறை ஊழியர்கள். "அவர் வாயால் கேட்ட பிறகுதான் கொடுக்கணும், நீங்களா நீட்டிடாதீங்க" என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார், வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. "கொண்டு வந்தீங்களா?" என்று அந்த ஊழியர் கேட்டது பக்கத்தில் நின்ற சாட்சி காதில் தெளிவாக விழுந்தது. வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்க வைத்ததும் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. அதைப் பாட்டிலில் ஊற்றி, எங்கள் கண் முன்னாலேயே சீல் வைத்தார்கள்.

கோர்ட்டில் அவர் தரப்பில், அது கைமாற்றுக் கடன் திரும்பி வந்த பணம் என்று வாதாடினார்கள். நோட்டு கையில் இருந்தால் மட்டும் போதாது, லஞ்சம் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். சாட்சி குறுக்கு விசாரணையிலும் பிசகவில்லை, தண்டனை கிடைத்தது. பட்டாவை அதற்கு முன்பே வேறொரு அதிகாரி மாற்றிக் கொடுத்துவிட்டார்.