மைன்கிராஃப்ட் சர்வர் ஆரம்பிக்கப் போறீங்களா? அது நின்னு ஓட என்னென்ன பண்ணணும்னு பாருங்க

சர்வர் ஓப்பன் பண்றது பெரிய விஷயமே கிடையாது. ஜாவா இன்ஸ்டால் பண்ணி, சர்வர் ஃபைலை ஒரு தடவை ஓட்டி, யூலா (கேமோட லைசென்ஸ் ஒப்பந்தம்) ஃபைல்ல ஃபால்ஸ்னு இருக்கறதை ட்ரூன்னு மாத்தினா சர்வர் எந்திரிச்சிடும். அதுக்கப்புறம் தான் வேலையே. முதல் வாரம் கூட்டம் கூட்டமா வருவாங்க, அப்புறம் ஒருத்தன் ராத்திரி முழுக்க உக்காந்து கட்டின வீட்டை எவனோ டிஎன்டி வச்சு தூக்கிடுவான், வீடு போனவன் திரும்ப வரவே மாட்டான், அவன் ஃப்ரெண்ட்ஸும் வர மாட்டாங்க. இன்னைக்குக் கட்டினது நாளைக்கும் அங்கயே இருக்கும்னு பிளேயருக்கு நம்பிக்கை வரணும், மத்த ஃபீச்சர் எல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

முதல்ல மெஷின். வீட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டலாம்னா வெளிய இருந்து வர்றவங்க உள்ள நுழையற வழியான 25565 போர்ட்டை ரவுட்டர்ல ஃபார்வர்டு பண்ணணும், ஆனா இங்க நிறைய நெட் கனெக்ஷன்ல ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுத் தர்றாங்க, அப்படின்னா நீங்க என்ன ஃபார்வர்டு பண்ணாலும் வெளிய இருந்து யாராலயும் உள்ள வர முடியாது. அதனால வாடகைக்கு எடுத்துடுங்க. ஆளுங்க தமிழ்நாட்டுல இருந்தா மும்பை இல்லன்னா சிங்கப்பூர் லொகேஷன் எடுங்க, ஐரோப்பால சீப்பா கிடைக்குதேன்னு போனா பிங் (சிக்னல் போய் வர ஆகற நேரம்) ஏறி, ஜாம்பியை அடிச்சா அடி லேட்டா விழும். இன்னொண்ணு, எத்தனை கோர்னு பார்த்து காசைக் கொட்டாதீங்க. கேமோட முக்கியமான வேலை பெரும்பாலும் ஒரே த்ரெட்ல, அதாவது ஒரே கோர்ல ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா தான் ஓடுது, அதனால ஒரு கோர் எவ்வளவு வேகம்னு தான் கேக்கணும்.

லேக் (கேம் திணறி ஓடறது) பத்திக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா லேக் வந்தாலே எல்லாரும் ரேம் பத்தலன்னு சொல்லிடறாங்க. சர்வர் நொடிக்கு 20 டிக் (கேம் ஒரு படி முன்னாடி நகர்றது ஒரு டிக்) ஓடணும், அதாவது ஒரு டிக்கை 50 மில்லி செகண்டுக்குள்ள முடிக்கணும். அதைத் தாண்டினா தான் உடைச்ச பிளாக் திரும்ப வர்றது, மாடு நின்ன இடத்துலயே நடக்கறது எல்லாம். கேம் கம்பெனி தர்ற வெறும் வெனிலா சர்வரை விட்டுட்டு, வேகமா ஓடற மாதிரி மாத்தின பேப்பர் சர்வரைப் போடுங்க, ஸ்பார்க்ங்கற பிளகின்ல புரொஃபைல் எடுத்துப் பாருங்க, எந்த இடத்துல நேரம் போகுதுன்னு அதுவே காட்டும். நிறைய தடவை ஒரே ஃபார்ம்ல அடைச்சு வச்சிருக்கற நூத்துக்கணக்கான வில்லேஜரோ, வரிசையா போட்ட ஹாப்பரோ (பொருளைத் தானா பெட்டிக்கு நகர்த்தற பிளாக்) தான் காரணமா இருக்கும். சிமுலேஷன் டிஸ்டன்ஸ் (பிளேயரைச் சுத்தி எத்தனை சங்க் தூரம் வரைக்கும் கேம் இயங்கணும்ங்கறது) டிஃபால்ட்டா 10 இருக்கும், அதை 6க்கு இறக்கினாலே பாதி பிரச்சினை தீரும். ஓப்பனிங்குக்கு முன்னாடியே வேர்ல்ட் பார்டர் (மேப்புக்கு எல்லை) போட்டு, சங்கி பிளகின் வச்சு உள்ள இருக்கற மேப் முழுக்க ஜெனரேட் பண்ணி வச்சுடுங்க, இல்லன்னா முதல் நாள் எலைட்ரா இறக்கைல பறக்கறவன் பின்னாடியே சர்வர் மூச்சு வாங்கும்.

நம்ம ஊர்ல நிறைய பசங்க போன்ல வர்ற பெட்ராக் எடிஷன் தான் ஆடறாங்க, இதுவரைக்கும் சொன்னது கம்ப்யூட்டர்ல ஆடற ஜாவா எடிஷனுக்கு. கீசர், ஃபிளட்கேட்னு ரெண்டு பிளகினும் போட்டா அவங்களும் ஜாவா சர்வருக்குள்ள வரலாம், 19132 யூடிபி போர்ட்டைத் திறந்து விடணும், அவ்வளவு தான்.

வர்றவனோட அக்கவுண்ட் உண்மையானதான்னு சரிபார்க்கற ஆன்லைன் மோடை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணா யார் வேணும்னாலும் உங்க பேரைப் போட்டு உள்ள வரலாம், உங்களுக்கு ஓபி (சர்வர்ல எல்லா அதிகாரமும்) இருந்தா அவனுக்கும் ஓபி இருக்கும்.

இப்ப பாதுகாப்பு. கிரீஃப் ப்ரிவென்ஷன் பிளகின் போட்டா தங்க ஷவல்ல ரெண்டு மூலையைத் தட்டி அவங்கவங்க இடத்தை அவங்களே கிளெய்ம் பண்ணிக்கலாம், புதுசா வந்தவன் முதல் பெட்டி வச்சதும் அதைச் சுத்தி தானாவே கிளெய்ம் விழுந்துடும். கூடவே யார் எதை உடைச்சாங்க, எடுத்தாங்கன்னு பதிவு பண்ற கோர்ப்ரொடெக்ட் பிளகின் கண்டிப்பா வேணும். ஒரு பையன் வந்து "அண்ணா, பெட்டில இருந்த டைமண்ட் முழுக்க காணோம், எவனோ ஹேக் பண்ணிட்டான்"னு சொல்றான்னு வைங்க. நீங்க அங்க போய் இன்ஸ்பெக்ட் ஆன் பண்ணி அந்தப் பெட்டியை ரைட் கிளிக் பண்ணா, யார், எப்போ, எத்தனை எடுத்தான்னு வரிசையா வரும். நிறைய தடவை எடுத்தது அவன்கூடவே பேஸ் போட்ட கூட்டாளியா தான் இருக்கும், அதனால லாகைப் பார்த்ததும் பேன் பண்ணாம ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க. உண்மையிலயே நாசம் பண்ணியிருந்தா, ஆள் பேர், நேரம், சுத்தி எவ்வளவு தூரம்ங்கறது மூணையும் கொடுத்து ரோல்பேக் அடிச்சா வீடு அப்படியே திரும்பி வந்துடும்.

பேக்கப் தினமும் எடுங்க, நெதர், எண்டு உலகங்கள் உட்பட. காப்பி பண்றதுக்கு முன்னாடி சேவ் ஆஃப் போட்டு (தானா சேவ் ஆகறது நின்னுடும்), சேவ் ஆல் அடிச்சு, முடிஞ்சதும் சேவ் ஆன். அதே டிஸ்க்ல வச்சிருந்தா டிஸ்க் போனா பேக்கப்பும் சேர்ந்து போயிடும், வேற இடத்துல வைங்க, அப்பப்போ ஒண்ணை எடுத்து வேற ஃபோல்டர்ல ஓட்டிப் பாருங்க. அப்டேட்டையும் தள்ளிப் போடாதீங்க. 2021 டிசம்பர்ல, கேம் லாக் எழுதப் பயன்படுத்தற லாக்4ஜேங்கற சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டை வெளிய வந்தப்போ, சாட்ல ஒரு வரி டைப் பண்ணாலே சர்வருக்குள்ள நுழையலாம்ங்கற நிலைமை இருந்துச்சு. பிளகின் எல்லாம் அதோட சொந்தப் பேஜ்ல இருந்து மட்டும் எடுங்க, யாரோ டெலிகிராம்ல ஃப்ரீயா அனுப்பினாங்கன்னு போட வேணாம்.

மாடரேட்டருக்கு ஓபி கொடுக்காதீங்க, யாருக்கு எந்த அதிகாரம்னு பிரிச்சுக் கொடுக்கற லக்பெர்ம்ஸ் பிளகின்ல கிக், மியூட், இன்ஸ்பெக்ட்னு தேவையானதை மட்டும் கொடுங்க. எப்பவும் ஆன்லைன்ல இருக்கறவனைத் தேடாதீங்க, சண்டை வந்தா குரல் உயர்த்தாம பேசறவனா பாருங்க. பேன் பண்ணா காரணம், எத்தனை நாள், லாக் ஸ்கிரீன்ஷாட் மூணும் அட்மின் சேனல்ல இருக்கணும், அது உங்க சித்தி பையனா இருந்தாலும் அதே தான். அட்மின் கிரியேட்டிவ்ல பொருள் எடுத்து ஃப்ரெண்டுக்குக் கொடுக்கறது ஒரு தடவை வெளிய தெரிஞ்சா போதும், சர்வைவல்ல கஷ்டப்பட்டு சேத்தவன் எல்லாம் அன்னைக்கே கிளம்பிடுவான். உள்ள வர்றதுல பாதிப் பேர் ஸ்கூல் பசங்க, அதனால போன் நம்பர், ஃபோட்டோ, ஸ்கூல் பேர் யாரும் கேக்கக் கூடாதுன்னு முதல் ரூலாவே போடுங்க. இந்த ஒரு விஷயத்துல வார்னிங் எல்லாம் தேவையில்ல, நேரா பேன்.

காசு வாங்கலாம், ஆனா வைர வாளை விக்கக் கூடாது. காசு கொடுத்தவனுக்கு கேம்ல பலம் கொடுக்கறது 2014லயே கேமை உருவாக்கின மோஜாங் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தொப்பி, பேர் கலர் மாதிரி அழகுக்கு இருக்கறதை விக்கலாம், உள்ள வர எல்லாருக்கும் ஒரே கட்டணம் வைக்கலாம். அம்மா போன்ல இருந்து பையன் யூபிஐ பண்ணியிருந்தா, அவங்க கேட்டதும் வாதம் பண்ணாம திருப்பிக் கொடுத்துடுங்க.

பப்ளிக் எக்ஸாம் மாசத்துல கூட்டம் குறையும், அதுக்காக பயந்து மேப்பை ரீசெட் பண்ணிடாதீங்க, மே மாசம் திரும்பி வருவாங்க. ரீசெட் தவிர்க்கவே முடியலன்னா ஒரு மாசம் முன்னாடியே தேதி சொல்லுங்க, கடைசி நாள் எல்லாரையும் கூப்பிட்டு ஒவ்வொரு வீடா சுத்திப் பாருங்க, அப்புறம் வேர்ல்ட் ஃபைலை டிரைவ்ல போட்டு லிங்கை டிஸ்கார்ட்ல பின் பண்ணிடுங்க, வேணுங்கறவங்க எடுத்து வச்சுக்கட்டும்.